மலையில் இருப்பவனுக்குக் கடல் ஒப்பந்தம் எதற்கு?

28 ஆகஸ்ட் 2022, தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி எழுதியது

டீச்சர், மாவு விற்கும் விலை உங்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய்க்கு விடியற்காலையிலேயே கேனை வரிசையில் வைத்துவிட்டுத்தான் அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார். நீங்கள் என்னவென்றால் நியூயோர்க்கில் ஐ.நா.வின் கடல் ஒப்பந்தப் பேச்சுவார்த்தை முறிந்துவிட்டது என்று வருத்தப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தோட்டத்தில் பாதிப்பேர் கடலைப் பார்த்ததே இல்லை. மலையில் இருப்பவனுக்குக் கடலும் ஒன்றுதான், சந்திரனும் ஒன்றுதான். இதில் நமக்கு என்ன இருக்கிறது?

28 ஆகஸ்ட் 2022, இரவு

கரண்ட் போவதற்குள் எழுதிவிடுகிறேன், தம்பி.

வருத்தம் உண்மைதான். இரண்டு வாரம் பேசிவிட்டு, 26ஆம் திகதி இரவு ஒரு முடிவும் இல்லாமல் கலைந்துவிட்டார்கள். இது ஐந்தாவது அமர்வு. இதிலேயே முடித்துவிட வேண்டும் என்றுதான் கூடினார்கள்.

விஷயம் இதுதான். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை, அதாவது சுமார் 370 கிலோமீற்றர் வரை, மீனும் மற்ற வளங்களும் அந்தந்தக் கடற்கரை நாட்டுக்கு உரியவை. இலங்கைத் தீவின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். அதைப்போல் கிட்டத்தட்ட எட்டு மடங்கு கடல் நமக்கு இருக்கிறது. எல்லா நாடுகளின் பங்கையும் கழித்தபிறகு மிஞ்சுவது உலகக் கடலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அது எந்த நாட்டுக்கும் சேராது. 1982ஆம் ஆண்டின் கடல் சட்டம் அங்கும் உயிர்களைக் காக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் அங்கே ஓர் இடத்தைக் காப்பிடமாக அறிவிக்க வேண்டுமென்றால் யார் அறிவிப்பது, எப்படி அறிவிப்பது? அதற்குப் பொதுவான வழி ஒன்று இன்றுவரை இல்லை. அந்த வழியை உண்டாக்கத்தான் இந்தப் பேச்சு.

நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாய். என் அப்பா ஹட்டனில் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். மலையில் கறி என்றாலே பாதி நாள் கருவாடுதான். நாம் சாப்பிடும் கருவாடு அந்தப் பெருங்கடலில் இருந்து வருகிறது. இன்னும் சொல்ல நிறைய

(கரண்ட் போய்விட்டது. மிச்சம் நாளைக்கு.)

30 ஆகஸ்ட் 2022

முதலில் பெயர். எந்த நாட்டுக்கும் சேராத இந்தக் கடலை ஆங்கிலத்தில் ‘ஹை சீஸ்’ என்பார்கள். ஒரு பத்திரிகையில் அதை ‘உயர் கடல்’ என்று போட்டிருந்தார்கள். உயர்தர வகுப்பில் படித்துக் காட்டினேன். ஒரு பிள்ளை கை தூக்கி, “டீச்சர், அந்தக் கடல் பீதுருதலாகலையை விட உயரமா?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். கேள்வியில் தப்பில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ‘ஆழ்கடல்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது ஆழத்தைச் சொல்கிறது, உரிமையைச் சொல்லவில்லை. இலங்கைக்குச் சொந்தமான பகுதியிலேயே ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழம் இருக்கிறது.

நான் ‘பொதுக்கடல்’ என்று எழுதப்போகிறேன். தோட்டத்தில் பொதுப் பீலி என்றால் எல்லோருக்கும் புரியும். யார் வீட்டுப் பீலியும் இல்லை, எல்லோரும் தண்ணீர் பிடிப்பார்கள். உடைந்தால் யார் கட்டுவது என்பதில்தான் சண்டை வரும். பொதுக்கடலின் சண்டையும் அதே சண்டை.

2 செப்டம்பர் 2022

திருத்தம். நீர்கொழும்பிலிருந்து ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். கருவாடாக வரும் நெத்தலியும் சாளையும் கரையோரத்தில் பிடிப்பவை, அவற்றைப் பொதுக்கடல் மீன் என்று சொன்னால் மீனவர்கள் சிரிப்பார்கள் என்கிறார். சரி, நான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவிட்டேன். பல நாள் படகில் போகிறவர்கள் கொண்டுவரும் சூரை, கெலவல்லா (மஞ்சள் துடுப்புச் சூரை), தளபத்து, சுறா, இவைதான் தூரக்கடல் மீன்கள். அவற்றிலும் ஒரு பகுதி நம் 200 மைலுக்குள்ளேயே பிடிபடுகிறது. ஆனால் சூரையும் கெலவல்லாவும் கோடு பார்த்து நீந்துவதில்லை. இன்று நம் கடலில் இருக்கும், அடுத்த மாதம் பொதுக்கடலில் இருக்கும்.

அப்பா கடையில் தளபத்துக் கருவாடு வரும் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாக்கைப் பிரித்ததும் பலகை பலகையாக இருக்கும். மேலே உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். ஹட்டன் மழையில் இரண்டே நாளில் அந்த உப்பு கசிந்து பலகை நனைந்துவிடும். அப்பா அதை அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கவிடுவார். புகை பட்டுப் பட்டுக் கருத்துப்போகும். அந்த வாசத்தோடுதான் நான் பாடம் படித்தேன். 250 கிராம் வாங்க வருகிற அம்மாக்கள் பலகையைத் தட்டிப் பார்த்து, “ஈரம் இருக்குதே, நிறையில காட்டுதே” என்பார்கள். அப்பா கொஞ்சம் கூட வெட்டிப் போடுவார்.

அந்தப் படகுகளைப் பற்றி இன்னொன்று. இலங்கைப் படகுகள் பொதுக்கடலில் ஒழுங்கில்லாமல் பிடிக்கின்றன, கண்காணிப்பு போதாது என்று சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியிலிருந்து நம் மீனை வாங்காமல் நிறுத்தியது. 2016 ஜூனில்தான் தடையை எடுத்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில் நடந்ததற்கு நீர்கொழும்பிலும் பேருவளையிலும் வீடுகளில் அடுப்பு அணைந்தது. இதை எழுதியதும் அதே அண்ணன்தான். அவருக்கு என் நன்றி.

11 செப்டம்பர் 2022

தம்பி கேட்ட அடுத்த கேள்வி: எதற்காக முறிந்தது?

மீன் காரணமில்லை. முக்கியமான சிக்கல் மரபணு. ஆழ்கடலில் கொதிநீர் ஊற்றருகிலும் ஒளியே படாத சேற்றிலும் வாழும் நுண்ணுயிர்கள், கடற்பஞ்சுகள் ஆகியவற்றின் மரபணுக்களிலிருந்து மருந்தும் நொதிகளும் செய்ய முடியும். கப்பல் அனுப்பி அவற்றை எடுக்கிற பணமும் ஆய்வுகூடமும் சில நாடுகளுக்குத்தான் உண்டு. கடல் உயிர்களின் மரபணுக் காப்புரிமைகளை எண்ணிப் பார்த்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. அவற்றில் பதிவான மரபணு வரிசைகளில் 47 வீதம் ஒரே ஒரு ஜெர்மன் இரசாயன நிறுவனத்தின் கையில் இருந்தது. உதாரணமாக, இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் சைட்டராபின் என்ற மருந்து ஒரு கடற்பஞ்சைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான்.

வறிய நாடுகள், “பொதுவான இடத்தில் எடுத்தது, வருமானத்தில் பங்கு கொடுங்கள்” என்கின்றன. பணக்கார நாடுகள், “எடுத்து, படித்து, செலவழித்தவர்கள் நாங்கள்” என்கின்றன.

இந்த வாக்குவாதத்தை மலையகத்தில் யாருக்கும் நான் விளக்கத் தேவையில்லை. கொழுந்து இங்கே. பெட்டியில் போட்டு அழகான படம் ஒட்டுவது வேறெங்கோ. கூட்டு ஒப்பந்தப் பேச்சு எப்படி இழுபட்டது என்று நம் வீடுகளில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நாட்சம்பளம் 1000 ரூபாய் வேண்டும் என்று எத்தனை வருடம் கேட்டோம்? 2021 மார்ச்சில்தான் வர்த்தமானி வந்தது. தம்பி, அந்த ஆயிரம் பேச்சு முறிந்தபோதெல்லாம் “எனக்கென்ன” என்று உன் அம்மா சொன்னாரா?

(கேள்வி கொஞ்சம் காட்டமாக விழுந்துவிட்டது. ஆனாலும் அழிக்கவில்லை, கேட்க வேண்டியதுதான்.)

7 மார்ச் 2023

முடிந்துவிட்டது! சனி இரவு நியூயோர்க்கில், நமக்கு ஞாயிறு காலை. கடைசியில் 38 மணி நேரம் தொடர்ச்சியாக உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவர் சிங்கப்பூர்க்காரர், ரெனா லீ. “கப்பல் கரையை அடைந்துவிட்டது” என்று அவர் அறிவித்தபோது மண்டபத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். காணொளியைப் பார்த்து நான் அழுதேன். 2004இல் ஐ.நா. முதல் குழுவை அமைத்தபோது நான் வேலைக்குப் புதிது. ஏறக்குறைய இருபது வருடம்.

இன்று காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொன்னேன். பின்வரிசையில் ஒருவன், “அப்படியென்றால் இனிமேல் அங்கே மீன் பிடிக்க முடியாதா டீச்சர்?” என்றான். அதற்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், மணி அடித்துவிட்டது.

9 மார்ச் 2023

இரண்டு திருத்தம்.

ஒன்று, முடிந்தது வாசகம்தான். அதைப் பல மொழியில் சரிபார்த்து, முறையாக ஏற்று, நாடுகள் கையெழுத்திட்டு, அப்புறம் 60 நாடுகள் உறுதிப்படுத்த வேண்டும். அதுவரை அது காகிதம். ‘முடிந்துவிட்டது’ என்று எழுதியது என் அவசரம்.

இரண்டு, போன செப்டம்பரில் நான் சொன்ன சைட்டராபின் உதாரணம் பொருந்தாது. அந்தக் கடற்பஞ்சு கரீபியன் பக்கத்து ஆழமில்லாத கடலில் வளர்வது. அது பொதுக்கடலே இல்லை. கடலிலிருந்து மருந்து வரும் என்பதற்கு அது சாட்சி, அவ்வளவுதான். இதேபோல் இன்னொன்றையும் வகுப்பில் தப்பாகச் சொல்லி வந்திருக்கிறேன். 2021இல் கொழும்புக்கு வெளியே எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலைப் பொதுக்கடல் பிரச்சினைக்கு உதாரணம் காட்டினேன். அது நம் சொந்தக் கடலுக்குள் நடந்தது. பிளாஸ்டிக் மணிகள் கரையில் பனி மாதிரிக் குவிந்தபோது, வழக்கு நடத்த நமக்கு ஒரு நாடும் ஒரு நீதிமன்றமும் இருந்தன. பொதுக்கடலில் அப்படி நடந்தால் அந்தக் கடலுக்காக வழக்குப் போட யாரைத் தேடுவது? நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

பின்வரிசைப் பையனுக்கு: மீன்பிடி நிற்காது. சூரை மீனுக்கு இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு ஏற்கனவே இருக்கிறது, தலைமையகம் சீஷெல்ஸில். அந்த மாதிரி அமைப்புகளின் வேலையைப் புதிய ஒப்பந்தம் குலைக்கக் கூடாது என்று வாசகத்திலேயே இருக்கிறது. எனக்கு இது குறைதான். கெலவல்லா அளவுக்கு மீறிப் பிடிபடுகிறது என்று 2015இலிருந்தே அந்த ஆணைக்குழுவின் விஞ்ஞானிகள் சொல்லிவருகிறார்கள்.

25 ஜூன் 2023

19ஆம் திகதி ஐ.நா.வில் ஒப்பந்தத்தை முறையாக ஏற்றார்கள்.

இன்று வேறு ஒரு நினைவு. தாத்தா நாவலப்பிட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். எனக்கு எட்டு வயது. இஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, கீழே ஓடுகிற ஆறு மகாவலியில் சேரும். ஒருநாள் மழை விட்டபிறகு தாத்தா பாறை இடுக்கில் கையை விட்டார். என் கையளவு தடிப்பில் ஒன்று நெளிந்து வெளியே வந்தது. பாம்பு என்று நான் கத்தினேன். தாத்தா மடியில் கட்டியிருந்த சாம்பலைக் கையில் தேய்த்து மறுபடி பிடித்தார், அப்போதுதான் வழுக்கவில்லை. கிட்டே கொண்டுவந்து காட்டினார். செவுளுக்குப் பின்னால் காதுமடல் மாதிரிச் சின்னத் துடுப்பு. “பாம்புக்கு ஏது இது? விலாங்கு” என்றார். அப்பாயி அதை மிளகு போட்டு வைத்தாள்.

விலாங்கு நல்ல தண்ணீரில் பல வருடம் வளரும். முட்டையிட மட்டும் ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போய், ஆழ்ந்த வெளிக்கடலில் முட்டையிட்டுச் செத்துவிடும். குஞ்சு இலை மாதிரித் தட்டையாக, கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கடலில் மிதந்து வரும். ஆற்று வாயை அடையும்போது உருண்டு, மேலே ஏறும். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. தாத்தா கையில் நெளிந்தது அந்தக் குடா வழியாக ஏறி வந்த உயிர். 1980களில் விக்டோரியா, ரந்தெனிகல அணைகள் வந்தன. அதற்குப் பிறகு அந்த இடுக்கில் தாத்தா ஒன்றும் பிடித்ததாக எனக்கு நினைவில்லை.

தம்பி, உன் முதல் கேள்விக்கு நான் கருவாட்டைக் காட்டினேன். இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அத்திலாந்திக்கில் சர்காசோ கடல் என்று ஒன்று உண்டு. ஐரோப்பிய விலாங்கும் அமெரிக்க விலாங்கும் முட்டையிடப் போவது அங்கேதான். அதில் பெரும்பகுதி பொதுக்கடல். இந்த ஒப்பந்தத்தில் காப்பிடமாக்க வேண்டிய இடங்கள் என்று பேசப்படுவதில் அதுவும் இருக்கிறது.

14 ஆகஸ்ட் 2023

தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து நாம் வந்து இந்த வருடம் 200 ஆண்டு. அதன் நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்களோடு நானும் கடைசி இரண்டு நாள் நடந்தேன். கால் இன்னும் வீங்கியிருக்கிறது.

நடக்கும்போது இங்கே நாம் எழுதிவருவதை நினைத்துக்கொண்டே வந்தேன். நம் முன்னோர் கடல் தாண்டித்தான் வந்தார்கள். 1948இல் நம் குடியுரிமையை எடுத்தார்கள். 1964இல் கொழும்பும் டில்லியும் உட்கார்ந்து 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரை அப்புறம் பார்ப்போம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். பேசப்பட்டவர்களில் ஒருவரையும் கேட்கவில்லை. அப்பாயியின் தங்கச்சி தலைமன்னாரில் கப்பலேறினார். அப்பாயி அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவே இல்லை. 2003இல் சட்டம் வந்தபிறகுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் குடியுரிமை.

எந்த நாட்டுக்கும் சேராதது என்று ஒன்றைப் பற்றி வாசிக்கும்போது எனக்கு நெஞ்சில் படுவது இதனால்தான். மனிதரும் கடலும் ஒன்றில்லை, தெரியும். ஆனால் சொந்தக்காரன் இல்லாததை வைத்து மற்றவர்கள் எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்று நமக்குத் தெரியும்.

15 ஆகஸ்ட் 2023

ஒருவர் கேட்கிறார்: இலங்கைக்கு இதில் என்ன பங்கு? பெரிய பங்கு. 1973இல் தொடங்கிய கடல் சட்ட மாநாட்டின் முதல் தலைவர் இலங்கையின் ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. 1980இல் இறக்கும்வரை அவர்தான். பொதுக்கடல் உயிர்களுக்கான ஐ.நா. செயற்குழுவை 2015 வரை நெதர்லாந்துப் பிரதிநிதியோடு சேர்ந்து நடத்தியவர் பாலித கொஹொன. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் கொடுக்கலாம்.

18 பெப்ரவரி 2024

கோபத்தோடு எழுதுகிறேன். கொழும்பில் கடல் பாதுகாப்பு பற்றி ஆசிரியர்களுக்கு ஒரு நாள் கலந்துரையாடல். ஹட்டனிலிருந்து விடியற்காலை பஸ் ஏறினேன். கொடுத்த தாள் எல்லாம் ஆங்கிலம், பேச்சு சிங்களமும் ஆங்கிலமும். தமிழ்த் தாள் இல்லையா என்று கேட்டேன். “மலைநாட்டிலிருந்து யாரும் வருவார்கள் என்று நினைக்கவில்லை” என்றார் ஒருவர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. தம்பி 2022இல் கேட்டதையே அவரும் மறுபக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார்.

திரும்பும் வழியில் பஸ்ஸிலேயே ஒரு கொப்பியில் தமிழ்ச் சொற்கள் எழுத ஆரம்பித்தேன். கடல் காப்பிடம். சூழல் தாக்க மதிப்பீடு. பயன் பகிர்வு. பொதுக்கடல்.

20 செப்டம்பர் 2025

ஒப்பந்தத்தை உறுதிப்படுத்திய நாடுகளின் எண்ணிக்கை நேற்று 60 ஆகிவிட்டது. மொரோக்கோவும் சியரா லியோனும் சேர்ந்தன. இலங்கையும் அந்த அறுபதுக்குள் இருக்கிறது. 120 நாள் கழித்து, வரும் ஜனவரி 17ஆம் திகதி, சட்டமாகிறது.

வகுப்பில் எழுதிப்போட்டதை இங்கேயும் போடுகிறேன். காப்பிடம் அறிவிக்க முதலில் எல்லோரும் ஒத்துப்போக முயல வேண்டும். முடியாமல் போனால் வந்து வாக்களிப்பவர்களில் நான்கில் மூன்று பங்கு போதும். இது பெரிய விஷயம். அண்டார்டிக் கடலில் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற விதி இருப்பதால், ரஷ்யாவும் சீனாவும் மறுத்து புதிய காப்பிடங்கள் வருடக்கணக்காக நிற்கின்றன. ஆனால் இந்த ஒப்பந்தத்திலும் ஓர் ஓட்டை உண்டு: பிடிக்காத நாடு 120 நாளுக்குள் காரணம் சொல்லி, தன்னைக் கட்டுப்படுத்தாது என்று விலகிக்கொள்ளலாம். மரபணுப் பங்குக்கு இப்போதைக்கு ஒரு வழி: ஒப்பந்தத்தின் செலவுக்கு வளர்ந்த நாடுகள் கட்டும் தொகையில் பாதியளவை வருடாவருடம் ஒரு தனி நிதிக்கும் போட வேண்டும். 1000 ரூபாய் கேட்ட இடத்தில் முதலில் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தது மாதிரி. வாங்கிக்கொண்டு மேலே கேட்க வேண்டும்.

18 ஜனவரி 2026

நேற்று சட்டமாகிவிட்டது. கைதட்ட மனம் வரவில்லை. நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையைப் பெயர்த்துப் போட்டதிலிருந்து எங்கள் பாடசாலையின் ஒரு கட்டடத்தில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. இரவு முழுக்க மண் இறங்கும் சத்தம் கேட்டவர்களிடம் போய்க் கடல் ஒப்பந்தம் என்று எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று மாலை தலவாக்கலைத் தம்பி எழுதியிருந்தான். அவர்கள் இருக்கும் லய வீடுகளுக்கு மேலே மண் வெடித்திருக்கிறது, அம்மாவோடு முகாமில் இருக்கிறான். “டீச்சர், கடலும் சந்திரனும் ஒன்று என்று எழுதினேன். புயல் கடலில்தானே பிறந்தது” என்று மட்டும் எழுதியிருந்தான்.

தம்பி, இந்த ஒப்பந்தம் புயலை நிறுத்தாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதே. மலைக்கு மழை கொண்டுவருவதும் கடல்தான். வைகாசிக்குப் பிறகு வட்டவளையிலும் கினிகத்தேனையிலும் கொட்டுகிற தென்மேற்கு மழை அங்கிருந்து வருவது. ஊவாத் தேயிலைக்கு வாசம் ஏற்றுகிற கச்சான் காற்றும் அங்கிருந்து வருவதுதான். அந்தக் கடலில் எந்த நாட்டுக்கும் சேராத பகுதியின் உயிர்களைக் காக்கவென்றே எழுதப்பட்ட முதல் உலகச் சட்டம் இது. முதலில் நீயும் அம்மாவும் பத்திரமான இடத்துக்குப் போங்கள். முகாமுக்கு எது தேவை என்று எழுது. சனிக்கிழமை வருகிறேன்.

ஒரு வருடத்துக்குள் ஒப்பந்த நாடுகளின் முதல் மாநாடு கூட வேண்டும். அதற்குமுன் கொப்பியில் இருக்கிற சொற்களை, இப்போது 140க்கு மேல், பிள்ளைகளோடு சுத்தமாக எழுதி முடிக்கப்போகிறேன். விலாங்குக் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும் பருவத்துக்கு மட்டும் ஒரு சொல் கிடைக்கவில்லை. மூதூர், கிண்ணியாப் பக்கம் ஆற்று வாயில் வலை போடுகிறவர்கள் அதை என்னவென்று கூப்பிடுகிறார்கள்? தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள்.